மரம் சொல்லும் வெப்பநிலை: ஆயிரம் வருட வரைபடத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

ஜனவரி 9

ஒரு வாசகரின் கேள்வி இது: "நம்பகமான வெப்பமானி வந்தே முந்நூறு வருடம்தான் ஆகிறது. ஆனால் கி.பி. 1000இல் பூமி எவ்வளவு சூடாக இருந்தது என்று டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வரை கோடு போட்டுக் காட்டுகிறார்கள். இதை யாராவது சரிபார்த்தார்களா, இல்லை அவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதுதானா?"

சரிபார்த்தார்கள். வருடக்கணக்கில் சண்டை போட்டுச் சரிபார்த்தார்கள்.

நான் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். ஒரு கருவி 37.2 என்று காட்டினால் எனக்கு உடனே வரும் கேள்வி, இதை எதோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள், எந்த எல்லைக்குள் சரிபார்த்தார்கள் என்பதுதான். 20 முதல் 40 டிகிரி வரை சரிபார்த்த கருவி 5 டிகிரியில் காட்டும் எண்ணுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அது சரியாகவே இருக்கலாம். ஆனாலும் போட மாட்டேன்.

மரவளையமும் ஒரு கருவிதான். குளிர் எல்லையில், மரம் வளர்வதே கஷ்டமான இடத்தில், கோடை நன்றாகச் சுட்டால் அந்த வருட வளையம் அகலமாகும். வளையத்தின் வெளிப்பகுதிக் கட்டை அடர்த்தியாகும். வெப்பமானிப் பதிவு இருக்கும் நூறு, நூற்றைம்பது வருடத்தில் வளையத்தையும் வெப்பநிலையையும் பொருத்திப் பார்த்து ஓர் உறவு கண்டுபிடிக்கிறார்கள். அந்த உறவை வைத்துப் பின்னோக்கிப் படிக்கிறார்கள். பவளம், பனிப்பாளத்தில் துளைத்தெடுத்த தூண், ஏரி வண்டல் என்று எல்லாத் தடயங்களையும் பெரும்பாலும் இதே மாதிரிதான் படிக்கிறார்கள். அளவிட்ட காலத்தில் இருந்த உறவு அளவிடாத காலத்திலும் இருந்தது என்பதே இதில் எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அனுமானம். என் வேலையில் நான் கையெழுத்துப் போட மறுக்கும் இடமும் அதுதான்.

ஜனவரி 10

"ஹாக்கி மட்டை பொய் என்று நிரூபித்துவிட்டார்களே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை ஒரு வரியில் முடிக்க முடியாது.

மைக்கேல் மான், பிராட்லி, ஹியூஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் 1998இல் வட அரைக்கோளத்தின் வெப்பநிலையை 1400 வரை பின்னோக்கிக் கணித்தார்கள். 1999இல் அதை 1000 வரை நீட்டினார்கள். நீளமாக, லேசாகக் கீழிறங்கும் பிடி, கடைசியில் 20ஆம் நூற்றாண்டில் மேலே திரும்பும் மட்டை; அதனால்தான் 'ஹாக்கி மட்டை' என்ற பெயர். 2001இல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐபிசிசியின் அறிக்கையில் அது இடம்பெற்றதும் உலகமே பார்த்தது.

கனடாவைச் சேர்ந்த ஸ்டீவ் மெக்கின்டயரும் ராஸ் மெக்கிட்ரிக்கும் 2003இலும் 2005இலும் அதைப் பிரித்துப் போட்டார்கள். மெக்கின்டயர் சுரங்கத் துறையிலிருந்து வந்தவர், காலநிலை விஞ்ஞானி அல்ல. நூற்றுக்கணக்கான மரவளைய வரிசைகளைச் சுருக்கி, அவற்றில் பொதுவாக ஓடும் வடிவங்களைப் பிரித்தெடுக்க முதன்மைக் கூறு என்றொரு கணக்கு உண்டு. வழக்கமாக ஒவ்வொரு வரிசையிலிருந்தும் அதன் முழு நீளச் சராசரியைக் கழித்துவிட்டுத்தான் இதைச் செய்வார்கள். மான் குழு 1902 முதல் 1980 வரையான சராசரியை மட்டும் கழித்திருந்தது. கேட்க அற்ப விஷயம். விளைவு அற்பமல்ல. 20ஆம் நூற்றாண்டில் தன் பழைய சராசரியை விட்டு விலகும் எந்த வரிசையும் அந்தக் கணக்குக்குப் பெரிய அலைவுள்ள வரிசையாகத் தெரியும், அதற்கு எடை கூடிவிடும். அப்படி எடை கூடியவை அமெரிக்க மேற்கு மலைகளின் பிரிசில்கோன் பைன் மரங்கள்.

இந்த விமர்சனம் சரியானது. முதல் தடவை படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. சராசரியை எங்கே கழித்தாய் என்பது எங்கள் தொழிலில் முதல் நாள் பாடம்.

ஜனவரி 11

நேற்று பாதிக் கதைதான் சொன்னேன்.

வழக்கமான முறையில் சராசரி கழித்தாலும் பிரிசில்கோன் வடிவம் காணாமல் போவதில்லை. முதல் இடத்தில் 38 சதவீத எடையோடு இருந்தது நான்காம் இடத்துக்கு, சுமார் 8 சதவீதத்துக்கு இறங்குகிறது. அப்படியானால் கேள்வி, எத்தனை கூறுகளை வைத்துக்கொள்வது என்று மாறுகிறது. இரண்டோடு நிறுத்தினால் 15ஆம் நூற்றாண்டு சூடாகத் தெரியும். ஐந்து வைத்துக்கொண்டால் பழைய வடிவம் திரும்பி வரும். யூஜின் வால், காஸ்பர் அம்மான் என்ற ஆய்வாளர்கள் 2007இல் செய்து காட்டியது இதைத்தான். பிரிசில்கோனை எடுத்துவிட்டால் 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதிக்கு வரும் கோடு, ஒதுக்கிவைத்த 19ஆம் நூற்றாண்டு வெப்பமானிப் பதிவோடு ஒப்பிடும் சோதனையில் தேறவில்லை என்றும் காட்டினார்கள்.

அதனால் எனக்குக் கிடைத்தது இரண்டு. மான் குழுவின் கணக்கில் தவறு இருந்தது. அந்தத் தவறைத் திருத்தினால் இடைக்காலம் இன்றைவிடச் சூடு என்று ஆகிவிடாது; அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும் திறமை அந்தத் தரவுக்கு எவ்வளவு மெலிதாக இருந்தது என்பதுதான் தெரியவரும். இரண்டாவதை இரு தரப்பும் சத்தமாகச் சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

ஜனவரி 13

இன்று கம்ப்யூட்டரில் ஒரு சின்னச் சோதனை செய்தேன். யார் வேண்டுமானாலும் செய்யலாம், முப்பது வரிப் புரோகிராம் போதும்.

வெப்பநிலைக்குச் சம்பந்தமே இல்லாத வெறும் இரைச்சலாக ஆயிரம் வரிசைகள் எடுத்தேன். ஒவ்வொன்றும் ஆயிரம் வருடம். ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தூக்கிக்கொண்டு வரும், அதன்மேல் கொஞ்சம் தற்செயல் சேரும். மரத்துக்கும் இப்படி ஒரு ஞாபகம் உண்டு, ஒரு மோசமான வருடத்தின் பாதிப்பு அடுத்த வருடத்திலும் தெரியும். பிறகு, கடைசி நூறு வருடத்தில் ஏறுமுகமாக, வெப்பமானிப் பதிவோடு ஓரளவுக்காவது ஒத்துப்போகும் வரிசைகளை மட்டும் பொறுக்கினேன். ஏறக்குறைய நாலில் ஒன்று தேறியது. அவற்றின் சராசரியைப் போட்டேன்.

திரையில் வந்தது ஹாக்கி மட்டை. தொள்ளாயிரம் வருடம் தட்டையான பிடி, கடைசி நூறில் ஏற்றம். இன்னொன்றும் இருந்தது. ஏற்றம் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு சின்னப் பள்ளம். பார்க்கிறவர் "ஆகா, சிறு பனிக்காலம்" (தொழிற்புரட்சிக்கு முந்தைய சில குளிரான நூற்றாண்டுகள்) என்று சொல்லக்கூடிய பள்ளம். அங்கே குளிரும் இல்லை, காலமும் இல்லை. மேலே ஏறும் வரிசைகளைத் தேடிப் பொறுக்கினால் அவை கீழிருந்து தொடங்குபவையாகத்தான் இருக்கும். அந்தத் தாழ்வின் ஞாபகம்தான் கொஞ்ச வருடம் பின்னோக்கியும் தெரிகிறது.

திரையைப் பார்த்தபடி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். தேவையான வடிவத்தைக் காட்டும் தடயங்களை மட்டும் பொறுக்கினால் தேவையான வடிவம்தான் வரும். பிடி தட்டையாக இருப்பதும் அந்தக் காலம் அமைதியாக இருந்ததற்குச் சாட்சியல்ல. தங்களுக்குள் ஒத்துப்போகாத இரைச்சல்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யமாகிவிட்டன, அவ்வளவுதான்.

2012இல் ஆஸ்திரேலியப் பகுதி பற்றிய ஒரு ஆய்வுக்கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதானது இந்த இடத்தில்தான். தடயங்களைப் பொறுக்கும் முன் நீண்டகாலப் போக்கைக் கழித்துவிட்டதாக எழுதியிருந்தார்கள், உண்மையில் கழிக்கவில்லை. திருத்தி 2016இல் மறுபடி வெளியிட்டார்கள்.

ஜனவரி 14

நேற்றைய சோதனையைக் கண்டு "அப்படியானால் எல்லாமே இரைச்சல்தான்" என்று இருவர் மகிழ்ந்திருக்கிறார்கள். அவசரம். பொறுக்கும் முறை பொய்யை உண்டாக்க வல்லது என்பது மட்டும்தான் என் சோதனையிலிருந்து தெரிகிறது. உண்மையான தடயங்களில் பொய்தான் இருக்கிறது என்று அது சொல்லவில்லை. நான் போட்ட ஞாபகமும் அதிகம், பத்தில் ஒன்பது. அதைக் குறைத்து ஓட்டினால் தேறும் வரிசைகள் வெகுவாகக் குறைகின்றன. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

ஜனவரி 18

"சரிவை மறைத்தார்கள்" என்பது பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

2009 நவம்பரில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல்கள் கசிந்தன. அதில் அங்குள்ள காலநிலை விஞ்ஞானி ஃபில் ஜோன்ஸ் 1999இல் எழுதிய ஒன்றில் இந்தச் சொல் வருகிறது. பலர் நினைப்பதுபோல அது உலக வெப்பநிலையின் சரிவு அல்ல. வெப்பமானிகள் ஏறிக்கொண்டேதான் இருந்தன. சரிந்தது மரங்களின் கணக்கு. வட அட்சரேகைகளில் பல இடங்களில் 1960 வாக்கிலிருந்து கட்டையின் அடர்த்தி வெப்பத்தோடு சேர்ந்து ஏறவில்லை. இதைக் கண்டுபிடித்து 1998இல் வெளிப்படையாக எழுதியவர்கள் மரவளைய ஆய்வாளர் கீத் பிரிஃபாவும் அவர் குழுவும்தான், எதிர்த்தரப்பு அல்ல.

ஆனால் உலக வானிலை அமைப்பின் ஒரு வெளியீட்டு அட்டைக்காகப் போட்ட வரைபடத்தில் மரக்கோட்டை 1960 வாக்கில் வெட்டி, அதன் வாலில் வெப்பமானிக் கோட்டை ஒட்டி, ஒரே கோடுபோலக் காட்டினார்கள். 2010இல் விசாரித்த குழு விஞ்ஞானிகளின் நேர்மையைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த வரைபடம் தவறான எண்ணத்தைத் தரக்கூடியது என்று சொன்னது. நானும் அப்படித்தான் சொல்வேன், இன்னும் அழுத்தமாக.

ஏன் என்றால், வேலையில் ஒருமுறை எனக்கு இதே மாதிரி ஒன்று வந்தது. ஒரு தொழிற்கூடத்தின் உணரி. மூன்று வருடப் பதிவு அழகாக ஒத்துப்போகிறது, கடைசி ஆறு மாதம் மட்டும் கீழே இழுக்கிறது. அந்த ஆறு மாதத்தை விட்டுவிட்டுச் சான்றிதழ் தரச் சொன்னார்கள். பழுது கடைசியில்தான் வந்தது, அதற்கு முன் நன்றாகத்தானே இருந்தது என்றார்கள். நன்றாக இருந்தது என்று எப்படித் தெரியும்? கடைசி ஆறு மாதத்தில் பழுது தெரிந்ததற்குக் காரணம், பக்கத்தில் இன்னொரு வெப்பமானி வைத்திருந்ததுதான். அதற்கு முன்னால் ஒப்பிட ஒன்றுமே இல்லாத காலத்தில் இதே பழுது வந்து போயிருந்தால்? நான் தரவில்லை. பெரிய மனக்கசப்பில் முடிந்தது.

மரத்துக்கும் அதுதான் கேள்வி. இப்போது சூட்டுக்கு ஈடுகொடுக்கவில்லை என்றால், கி.பி. 1000 வாக்கில் ஒரு சூடான நூற்றாண்டு வந்திருந்தால் அப்போதும் ஈடுகொடுக்காமல் இருந்திருக்குமோ?

ஜனவரி 19

நேற்று எழுதியதற்கு ஒருவரிடமிருந்து ஒரு நல்ல மறுப்பு. இந்தப் பிரச்சினை எல்லா இடத்து மரங்களிலும் இல்லை, தெற்கே போகப் போகக் குறைகிறது, பழைய நூற்றாண்டுகளில் வடக்கு மரங்களும் தெற்கு மரங்களும் ஒன்றாகவே அசைகின்றன, ஆகவே இது இந்தக் காலத்துக்கே உரியது என்கிறார். நியாயமான வாதம். என் சந்தேகம் பாதியாகக் குறைகிறது, முழுதாகப் போகவில்லை.

ஜனவரி 24

பேச்சு வெப்பமானிப் பக்கம் போய்விட்டது. "பழைய அளவீடுகளைக் கீழே தள்ளி ஏற்றத்தைப் பெரிதாக்கிவிட்டார்கள்" என்று ஒருவர். நானும் ஒரு காலத்தில் இதை நம்பினேன்.

பூமியில் பெரும்பகுதி கடல். பழைய கடல் வெப்பநிலையை எப்படி எடுத்தார்கள்? கப்பலிலிருந்து வாளி இறக்கி, தண்ணீர் மொண்டு, தளத்துக்குத் தூக்கி, வெப்பமானியை விட்டுப் பார்த்தார்கள். கித்தான் வாளி. ஈரம் கசியும் துணி காற்றில் ஆவியாகி உள்ளிருக்கும் தண்ணீரைக் குளிர வைக்கும்.

இதை வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு தடித்த துணிப்பை, ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டிலும் ஒரே பாத்திரத்திலிருந்து ஒரே அளவு தண்ணீர், அறையின் சூட்டிலேயே. மின்விசிறிக்கு எதிரில் இரண்டையும் வைத்தேன். துணிப்பை வெளியே கருத்து, அடியில் சொட்டத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் துணிப்பைத் தண்ணீர் தெளிவாகக் கீழே இறங்கிவிட்டது, வாளித் தண்ணீர் அநேகமாக அசையவில்லை. விசிறி வேகத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் இறங்கியது. பழைய கடல் அளவீடுகள் உண்மையைவிடக் குளிராகத்தான் பதிவாகியிருக்கும் என்று என் கையிலேயே பார்த்தேன்.

அப்படியானால் திருத்தம் பழைய எண்களை மேலே ஏற்றும். மேலே ஏற்றினால் அன்றிலிருந்து இன்று வரையான ஏற்றம் குறையும். உலகம் முழுவதையும் சேர்த்தால் திருத்தங்களின் மொத்த விளைவு நீண்டகால வெப்ப ஏற்றத்தைக் கொஞ்சம் குறைப்பதுதான். நான் நம்பியதற்கு நேர் எதிர். நிலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், திருத்தம் ஏற்றத்தைக் கூட்டுகிறது. அங்கே அளவெடுக்கும் நேரம் மாலையிலிருந்து காலைக்கு மாறியது அதற்கு ஒரு பெரிய காரணம். அமெரிக்காவை மட்டும் எடுத்துக் காட்டினால் சதிபோலத் தெரியும்.

ஜனவரி 25

வாளி விஷயத்தில் ஒன்று சேர்க்க வேண்டும். பிறகு கப்பல்கள் இயந்திரத்தைக் குளிர்விக்க இழுக்கும் கடல்நீரிலிருந்து அளந்தன. அது கொஞ்சம் சூடாகக் காட்டும். இரண்டாம் உலகப் போரின்போது பதிவுகளில் பெரும்பங்கு அமெரிக்கக் கப்பல்களுடையது, இந்த முறையில் எடுத்தவை. 1945இல் போர் முடிந்ததும் வாளி பயன்படுத்தும் பிரிட்டிஷ் கப்பல்கள் திரும்பி வந்தன. பதிவில் உலக வெப்பநிலை சுமார் 0.3 டிகிரி திடீரென்று விழுகிறது. கடல் குளிரவில்லை, பாத்திரம்தான் மாறியது. இதை 2008இல்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்கள்! அறுபது வருடம் எல்லார் கண் முன்னும் கிடந்திருக்கிறது.

பிப்ரவரி 2

ஒரு வாரம் வேறு வேலை. இடையில் யோசித்ததை எழுதுகிறேன்.

ஒரு கருவியின்மேல் சந்தேகம் வந்தால் அதையே திரும்பத் திரும்பத் துடைத்துப் பயனில்லை. வேறு விதமாக வேலை செய்யும் இன்னொரு கருவியைக் கொண்டுவர வேண்டும். அப்படி இரண்டு இருக்கின்றன.

முதலாவது, பாறையில் துளைத்த ஆழ்துளைகள். மேற்பரப்பின் சூடு மெல்ல மெல்லப் பாறைக்குள் இறங்கும். இன்றைக்கு சில நூறு மீட்டர் ஆழத்தில் இருக்கும் வெப்பநிலையை நேரடியாக வெப்பமானி விட்டு அளந்து, வெப்பம் கடத்தும் விதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடலாம். எந்த வரிசையையும் 20ஆம் நூற்றாண்டு வெப்பமானியோடு பொருத்திப் பொறுக்க வேண்டியதில்லை. என் ஜனவரி 13ஆம் தேதிச் சோதனையில் கண்ட பொறி இங்கே வேலை செய்யாது. 2000இல் 616 துளைகளை வைத்துச் செய்த கணக்கு, ஐந்து நூற்றாண்டில் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏற்றம், அதில் பாதி 20ஆம் நூற்றாண்டில் மட்டும் என்று சொன்னது. ஆண்டு வாரியாகச் சொல்லத் தெரியாது, எல்லாவற்றையும் மழுப்பிவிடும். ஆனால் சுதந்திரமான சாட்சி. மான் குழுவின் கோட்டைவிடப் பழைய காலத்தை இது அதிகக் குளிராகக் காட்டுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது, பனியாறுகளின் நீளம். பனியாற்று ஆய்வாளர் ஓர்லெமன்ஸ் 2005இல் 169 பனியாறுகளின் நீள மாற்றத்திலிருந்து 1600 வரை பின்னோக்கிக் கணித்தார். மரமும் இல்லை, முதன்மைக் கூறும் இல்லை. 20ஆம் நூற்றாண்டு ஏற்றம் அதிலும் இருக்கிறது.

மரத்துக்குச் சாதகமாகவும் ஒரு சாட்சி. 1600இல் பெருவில் ஹுவாய்னாபுட்டினா எரிமலை வெடித்தது. அதன் கந்தக அடுக்கு பனிப்பாளங்களில் கிடக்கிறது. பிரிஃபாவின் மர அடர்த்தி வரிசையில் 1601 கோடை, அறுநூறு வருடத்தில் மிகக் குளிரான கோடையாக வருகிறது. ஒரு பக்கம் பனிக்கட்டி, இன்னொரு பக்கம் கட்டை, ஒன்றுக்கொன்று தெரியாமல் அடுத்தடுத்த வருடத்தைக் காட்டுகின்றன. இதைப் படித்த பிறகு மரத்துக்குக் காது கேட்காது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பிப்ரவரி 3

காது கேட்கும், ஆனால் எதைக் கேட்கும்? ஒரு வருட அதிர்ச்சியைக் கேட்பது வேறு, முந்நூறு வருட மெதுவான நகர்வைக் கேட்பது வேறு. இளமரத்தின் வளையம் அகலம், வயதாக ஆகக் குறுகும். அந்த வயதுச் சரிவை ஒவ்வொரு மரத்திலும் தனித்தனியாகக் கழித்தால், இருநூறு வருடம் வாழ்ந்த மரத்திலிருந்து முந்நூறு வருட ஏற்ற இறக்கமும் சேர்ந்தே போய்விடும். வேறு முறைகள் உண்டு, அவற்றுக்கு நிறைய மரம் வேண்டும், பழைய நூற்றாண்டுகளிலோ மரம் குறைவு. பிடி தட்டையாக இருப்பதில் எனக்குள்ள மிச்சச் சந்தேகம் முழுக்க இங்கேதான்.

பிப்ரவரி 11

"பிடி மேடு பள்ளமாக இருந்தால் மனிதக் காரணம் அடிபட்டுவிடும் அல்லவா?" நானும் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பல வருடம்.

யோசித்துப் பாருங்கள். அந்த நூற்றாண்டுகளில் தள்ளிவிட்டவை எரிமலைகளும் சூரியனின் சிறு மாற்றமும்தான். அவ்வளவு சின்னத் தள்ளலுக்கே வெப்பநிலை பெரிதாக ஆடியது என்றால், பூமி சொடுக்கினால் ஆடும் தராசு. அதன்மேல் இன்று வைத்திருக்கும் கரியமில வாயுவின் பாரம் அதைவிடப் பெரியது. இடைக்காலம் சூடாக இருந்தது என்று நிரூபிப்பவர் இன்றைய கவலையைக் குறைக்கவில்லை, கூட்டியிருக்கலாம். வெப்ப ஏற்றத்துக்கு மனிதனே காரணம் என்ற முடிவும் மரவளையத்தின்மேல் நிற்கவில்லை. அது வாயுவின் இயற்பியலிலும் வெப்பமானியிலும் நிற்கிறது.

2019இல் வந்த ஆய்வு, 20ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய சூடான காலங்கள் உலகெங்கும் ஒரே நேரத்தில் வரவில்லை, இடத்துக்கு இடம் வேறு நூற்றாண்டு என்கிறது. இரண்டாயிரம் வருடத்தில் மிகச் சூடான காலம் 20ஆம் நூற்றாண்டில் வந்தது பூமியின் 98 சதவீதப் பரப்பில். முடிவு எனக்குச் சரியாகவே படுகிறது, 98 என்ற எண்ணின் கூர்மைக்கு மட்டும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

பிப்ரவரி 12

ஜனவரி 13ஆம் தேதிச் சோதனையை இப்படி மாற்றிச் செய்யச் சொல்லி ஒருவர் எழுதினார்: கடைசி நூறு வருடத்தில் முதல் ஐம்பதை மட்டும் பார்த்துப் பொறுக்கு, மீதி ஐம்பதை ஒளித்து வை. நேற்று இரவு ஓட்டினேன்.

இரைச்சல் வரிசைகளின் சராசரி, நான் பார்த்த ஐம்பது வருடத்திலும் அழகாக ஏறுகிறது. ஒளித்துவைத்த பகுதி தொடங்கிய வருடமே திரும்பி இறங்குகிறது. இருபது வருடத்துக்குள் பூஜ்யத்துக்கு அருகே வந்து படுத்துவிடுகிறது. மட்டை நடுவில் ஒடிந்ததுபோல இருந்தது படம்.

முதல் கேள்வி கேட்டவருக்கு: எந்தக் கோட்டைக் காட்டினாலும் நீங்கள் கேட்க வேண்டியது இந்த ஒளித்துவைத்த பகுதியைத்தான். பனியும் கட்டையும் சேர்ந்து சொன்ன 1601, யாரும் பொருத்திப் பார்த்துப் பொறுக்காத வருடம், அதில் மரம் தேறியது. 1960க்குப் பிறகான வருடங்களில் அதே அடர்த்தி வரிசை தேறவில்லை. புரோகிராமை அப்படியே வைத்திருக்கிறேன். அடுத்து இந்த மாற்றிய சோதனையையும் ஞாபகத்தைப் பத்தில் ஐந்தாகக் குறைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும்.